இரண்டாவது இலை

தினேஷ்,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரிம்மா" என்று சொல்லிவிடுவாய். அந்தச் "சரிம்மா"வைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். லேபில் ரத்தம் எடுக்கிற காலைக் கூட்டம் முடிந்தபிறகு, ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் டீ குடிக்கப் போகிற நேரத்தில், மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது. கையெழுத்து ஒரே மாதிரி இருக்காது, பொறுத்துக்கொள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வீடியோ காலில் சின்னமனூர்ப் பெண்ணின் பேச்சை எடுத்தோம். பெரியம்மா கொண்டுவந்த சம்பந்தம், பெரியப்பாவின் தங்கை மகள், முறை சரியாக வருகிறது, நர்சிங் முடித்து வேலைக்கும் போகிறாள் என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். "உங்க இஷ்டம்தான்மா. பெரியம்மா பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாய். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாய். அப்பா சந்தோஷமாகப் பெரியம்மாவுக்குப் போன் போடப் போய்விட்டார். பாப்பா அண்ணன் கல்யாணத்துக்குத் தனக்கு என்ன கலரில் பட்டுச் சேலை என்று ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் அந்த ஒரு மடக்குத் தண்ணீரை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ அப்படித் தண்ணீர் குடித்ததை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அப்போது உனக்கு ஒன்பது வயது.

பாப்பாவின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கப் போன நாள் உனக்கு நினைவிருக்கும். அப்பா அந்த வெள்ளைக் காரை வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. யாரோ பல வருடம் ஓட்டிய கார்தான், ஆனால் நமக்குப் புதுசு. ஏசி வேலை செய்யாது. பின் சீட்டில் நீ ஒரு ஜன்னல், பாப்பா ஒரு ஜன்னல், நடுவில் தாம்பூலப் பை. மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகைகளை ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொள்ளும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருந்தேன். நீ அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். மேலே இருந்த பத்திரிகையில் காமயகவுண்டன்பட்டிப் பெரியம்மா பேர் இருந்தது.

அது ஏன் மேலே இருந்தது என்று உனக்கு அப்போது தெரிந்திருக்காது. எங்கள் அம்மா இறந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்து, உத்தமபாளையத்தில் கல்லூரிக்கு அனுப்பி, பஸ் வரும்வரை நின்று ஏற்றிவிட்டு, தேனியில் கட்டிக் கொடுத்ததெல்லாம் அவள்தான். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. விசேஷ வீடுகளில் முன்னால் நிற்க வேண்டிய இடங்களில் அவளை மெல்லப் பின்னால் நகர்த்துவார்கள். அவளும் ஒன்றும் தெரியாதவள்போல நகர்ந்துகொள்வாள். நம் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் பத்திரிகை அவளுக்கு என்று நான் அதனால்தான் வைத்திருந்தேன். உன் அப்பாவும் அதற்கு ஒரு நாளும் மறுப்புச் சொன்னதில்லை.

பதினோரு மணிக்குப் பெரியம்மா வீடு, அங்கேயே மதியச் சாப்பாடு, சாயங்காலம் கூடலூரில் அத்தை வீடு. இதுதான் அன்றைய திட்டம். புறப்படும்போது டயருக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் இல்லை என்று அப்பா கடைக்குப் போனதில் ஒரு மணி நேரம் போனது. சின்னமனூர் வருவதற்குள் பாப்பா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அந்த எலுமிச்சம்பழத்தையே டயருக்குக் கொடுக்காமல் இவளிடம் கொடுத்திருக்கலாம் என்று நான் சொன்னேன். உத்தமபாளையம் தாண்டி ஒரு நெல் அறுக்கும் மெஷின் ரோட்டை அடைத்துக்கொண்டு நமக்கு முன்னால் ஊர்வலம் போனது. நீ அதற்கு 'கல்யாண யானை' என்று பேர் வைத்தாய். கம்பத்துக்குள் நுழையும்போது பன்னிரண்டை நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில்தான் அத்தை போன் வந்தது. ஏலக்காய்க் கடை விஷயமாக அவர் இரண்டு மணிக்குக் குமுளி போக வேண்டும், திரும்ப ராத்திரி ஆகிவிடும்.

பெரியம்மா ஊருக்குத் திரும்புகிற இடத்தில் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். "இங்கேரு, நேரா கூடலூர் போயி பத்திரிகையக் குடுத்துட்டு அஞ்சு நிமிசத்துல திரும்பிருவோம். உங்கக்காவுக்கு என்ன தெரியப் போகுது?"

நீ பின்னாலிருந்து, "முதல்ல பெரியம்மாவுக்குத்தானம்மா குடுக்கணும்? அவுக பேருதான் மேல இருக்கு" என்றாய்.

"பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத" என்றேன். அன்றைக்கு அந்தக் காரில் சரியாகப் பேசியவன் நீ ஒருவன்தான்.

கூடலூரில் அஞ்சு நிமிடம் என்பதெல்லாம் நடக்கிற காரியமா? அத்தை வாசலிலேயே நின்றார். "வாத்தா. ஏலே தம்பி, காரு வாங்குனா மட்டும் பத்தாதுலே, நேரத்துக்கு வரவும் படிக்கணும்." உள்ளே நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பத்திரிகையை நீட்டிவிட்டு நாங்கள் நழுவப் பார்த்தோம். "ஒரு வாய் சாப்பிடாமப் போறதுன்னா இந்தப் பத்திரிகையையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று தட்டை நம் பக்கமே தள்ளினார். பிறகென்ன, உட்கார்ந்தோம். பயணத்தில் பசித்திருந்தாய். கோழிக்கால் இரண்டும் உனக்குத்தான். வயிறு நிறையச் சாப்பிட்டாய்.

கூடலூரிலிருந்து கம்பம் திரும்புகிற அந்தச் சின்ன தூரத்தில்தான் நான் என் வாழ்க்கையில் செய்த மோசமான காரியங்களில் ஒன்றைச் செய்தேன். திரும்பி உட்கார்ந்து உன்னிடம் சொன்னேன்: "பெரியம்மா கேட்டா, தேனியில இருந்து நேரா வர்றோம்னு சொல்லணும். அத்தை வீட்டுக்கு இனிமேத்தான் போறோம்."

"அப்ப கோழி?"

"கோழியப் பத்திப் பேசவே கூடாது."

"பெரியம்மா சாப்பிடச் சொன்னா?"

"சாப்பிடணும் சாமி. பசியோட வந்த மாதிரி சாப்பிடணும். இல்லாட்டிப் பெரியம்மா மனசு ஒடைஞ்சு போகும். அம்மாவுக்காகச் செய்வீல்ல?"

நீ தலையாட்டினாய். பத்திரிகைக் கட்டைத் திரும்ப நேராக அடுக்கினாய். அத்தையின் பத்திரிகை போனதால் ஏற்பட்ட இடைவெளியை மூடி, பெரியம்மா பேரை மறுபடி மேலே வைத்தாய்.

அக்கா கேட்டருகில் நின்றாள். "என்னடி இம்புட்டு நேரம்?"

"கார்ல கொஞ்சம் ரிப்பேருக்கா."

"அப்ப பசியாத்தான் வந்திருப்பீக" என்றாள். உன் தலையைத் தடவி, "என்ன சாமி, அத்தை வீட்டுக்கெல்லாம் போகலையா?" என்று கேட்டாள்.

"இனிமேத்தான் போகணும் பெரியம்மா" என்றாய். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையாக இருந்தது என்பதை இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பல தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பாப்பா காரில் தூங்கிவிட்டாள், அவளைப் பெரியம்மாவின் கட்டிலில் கிடத்திவிட்டோம், அவள் தப்பித்தாள். அப்பா, "எனக்கு நேத்துல இருந்தே வயிறு சரியில்ல மதினி, மோர் மட்டும் போதும்" என்று ஒதுங்கிக்கொண்டார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் பரிமாறுறேன்க்கா, நீ உக்காரு, அப்புறமாச் சாப்பிட்டுக்கிறேன்" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். அக்கா கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஆனால் பரிமாறுகிற சாக்கில் நான் நின்றுகொண்டே இருந்தேன். பெரியப்பா தோட்டத்துக்குப் போயிருந்தார். கடைசியில் அந்தக் கூடத்தில் விரித்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது ஒன்பது வயது நீ மட்டும்தான். இரண்டு பெரியவர்கள் சொன்ன பொய்யை நீ ஒருவன் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டியிருந்தது.

அக்கா கறிக்குழம்பு ஊற்றினாள். ஈரல் வைத்தாள். "வளர்ற புள்ள, நல்லாச் சாப்பிடு" என்று இன்னொரு கரண்டி சோறு போட்டாள். நீ ஒரு வாய் எடுப்பாய், மெல்லுவாய், டம்ளரை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாய், விழுங்குவாய். திரும்ப ஒரு வாய். உன் காது இரண்டும் சிவந்துவிட்டன. மூன்றாவது கரண்டி வந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தாய். நான் கண்ணால் 'இன்னும் கொஞ்சம்தான்' என்றேன். நீ குனிந்துகொண்டாய். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

பிறகு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகையைக் கொடுத்தோம். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "முதப் பத்திரிகையாடி?" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.

திரும்பும் வழியில், உத்தமபாளையம் தாண்டி வாய்க்கால் ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னாய். எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாய். நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகம் கழுவிவிட்டபோது நீ கேட்டது, "பெரியம்மா கண்டுபிடிக்கலைலம்மா?" அப்போதாவது நான் உன்னிடம், தப்பு செய்தது நாங்கள், நீ இப்படிக் கஷ்டப்பட்டிருக்க வேண்டியதில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "இல்ல சாமி. இன்னைக்கு அம்மா மானத்த நீதான் காப்பாத்துன." உன் முகம் அப்படி மலர்ந்தது. எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறாய், ஒன்றுக்கும் உன் முகம் அப்படி மலர்ந்ததில்லை. அப்பா வேறு பல வருடம் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்தார், எம்மவன் ஒரே மத்தியானத்துல ரெண்டு இலை தின்னவன் என்று. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அந்தப் பாராட்டை நீ எவ்வளவு ஆழமாக எடுத்துக்கொண்டாய் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது. பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று கேட்டபோது, "நீங்க சொல்றதும்மா." காலேஜ் ஹாஸ்டலில் மஞ்சள் காமாலை வந்து, எங்களுக்குத் தெரியும்போது பத்து நாள் ஆகியிருந்தது. அம்மா லீவு போட்டுவிட்டு ஓடிவருவாள் என்று சொல்லவில்லையாம். கோயம்புத்தூர் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் சாப்பாடு சரியில்லை என்பதை உன் அறைத் தோழன் சொல்லித்தான் அறிந்தேன். ஒவ்வொரு தடவையும் ஊரில் நான் சொன்னது ஒன்றுதான்: எங்க பையன் எதுக்கும் முகம் சுளிக்க மாட்டான். நல்ல பிள்ளை என்று உன்னைச் சொல்லும்போதெல்லாம், அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை.

தினமும் காலையில் நான் ஆட்களிடம் கேட்கிற முதல் கேள்வி, "ஏதாவது சாப்பிட்டீகளா?" என்பதுதான். ரத்தச் சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் வரவேண்டும். டீ குடித்துவிட்டு வந்தவர்களும் இல்லவே இல்லை என்பார்கள். ரிப்போர்ட் வந்ததும் நான் லேசாகச் சிரித்து, நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிடுவேன். போன வாரம் ஒரு அம்மாவை அப்படி அனுப்பிய பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. ஊரார் வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறவள், சொந்தப் பிள்ளையிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை, உன் அப்பாவிடம்கூட முழுதாகச் சொல்லாமல், பஸ் ஏறிக் காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். அக்கா பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீரையைப் பார்த்துக்கொண்டேதான் சொல்ல முடிந்தது. பாப்பா காதுகுத்துக்கு முதல் பத்திரிகை உனக்கு இல்லக்கா, கூடலூருக்குப் போயிட்டுத்தான் இங்க வந்தோம், சாப்பிட்டுட்டும் வந்தோம் என்றேன்.

அவள் ஆய்வதை நிறுத்தவில்லை. "இதச் சொல்லவா பஸ் ஏறி வந்த? நீங்க கம்பம் திரும்புறதுக்குள்ளயே உங்க நாத்தனா எனக்குப் போன் போட்டுட்டாக. இப்பத்தான் கெளம்புனாக, கோழிக்குழம்பு வச்சேன், உங்க தங்கச்சி மகன் நல்லாச் சாப்பிட்டான்னு பெருமையாச் சொன்னாக."

அத்தனை வருடமும் தெரிந்தே இருந்திருக்கிறாள்.

"அப்ப ஏங்க்கா இலை போட்ட?"

"கோவம்டி. முதப் பத்திரிகைன்னு பொய் சொல்லப் போறியேன்னு கோவம். மூணு பேருல ஒருத்தராவது வாயத் தொறந்து சொல்லுவீகன்னு பாத்தேன். உம் புருசன் மோருல ஒளிஞ்சுக்கிட்டாக. நீ நின்னுக்கிட்டே ஒளிஞ்சுக்கிட்ட. அந்தப் புள்ளதான் தின்னுக்கிட்டே இருந்துச்சு. போதும் பெரியம்மான்னு குறுக்க கை வச்சிருந்தா நிறுத்தியிருப்பேன். வைக்கல. அப்பயும் மூணாவது கரண்டியப் போட்டேன்." கீரையைத் தட்டில் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உன்னச் சொல்லி என்ன, நானுந்தான் பச்சப்புள்ள மேல என் கோவத்தக் காட்டுனேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம், கொஞ்ச நேரம் சிரித்தோம். அதன்பிறகுதான் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சின்னமனூர்ப் பெண்ணுக்கு நீ சரி சொன்னது மனதார இருக்குமோ, இல்லை உன் பெரியம்மா கொண்டுவந்த சம்பந்தம் என்பதற்காக இருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அக்கா முகம் மாறியது. மறைக்காமல் சொல்கிறேன், அவளுக்கு வலித்தது. அவள் தன் நாத்தனாரிடம் வாய்விட்டுப் பேசியாயிற்று. அடுத்த மாதம் பூ வைக்கலாம் என்றுகூடப் பேச்சு. "நான் கொண்டாந்ததுலயே கொறை கண்டுட்டியாக்கும்" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்துக் காபியோடு வந்தாள்.

"அந்தப் புள்ளைக்கும் ஒரு வாழ்க்கை இருக்குல்ல. மனசில்லாதவன் கையில புடிச்சுக் குடுத்துட்டு நான் எங்கன போயி முழிப்பேன்" என்றாள். "அவனையே எனக்குப் போன் போடச் சொல்லு. வேணும்னாலும் அவன் வாயால சொல்லட்டும், வேணாம்னாலும் அவன் வாயால சொல்லட்டும். நீ நடுவுல வராத. அன்னைக்கும் கரண்டியப் புடிச்சுக்கிட்டுத்தான் தப்பிச்ச. இன்னைக்கும் பரிமாறுறேன்னு நிக்காத."

நாத்தனாருக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேட்டேன். "அது என் பாடு" என்றாள். நீ பேசும்வரை நாள் குறிப்பதில்லை என்று அன்றைக்கே போன் போட்டுச் சொல்லியும்விட்டாள். அப்பாவிடமும் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு, "ரெண்டு இலை தின்ன கதைய இனிமே நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

தினேஷ், நான் உன்னை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. போட்டோவைப் பார்த்து உனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கலாம். தாகமாக இருந்து தண்ணீர் குடித்திருக்கலாம். அப்படியானால் இது ஒரு அம்மாவின் வேண்டாத கவலை, சிரித்துவிட்டுப் போ. ஆனால் பிடித்திருக்கிறது என்பதையும் நீயே பெரியம்மாவிடம் சொல். அந்தப் பெண்ணிடமும் நேரில் பேசு. அவளும் யாருக்காவது பயந்து தலையாட்டியிருக்கிறாளா என்று கேள். வேறு யாராவது உன் மனதில் இருந்தால் அதையும் சொல். எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருக்கும். என் முகம் வாடினால் வாடட்டும். என் முகத்தை வாடாமல் வைத்திருப்பது உன் வேலை இல்லை. ஒன்பது வயதில் அந்த வேலையை உனக்குக் கொடுத்தேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இவ்வளவு பக்கம்.

கல்யாணமான பிறகு யாராவது உன்னிடம், அவன் நல்லவன், எதற்கும் மறுத்துப் பேச மாட்டான் என்று சொன்னால் சந்தோஷப்பட்டுவிடாதே. உன்னோடு வாழப்போகிறவளுக்கு உன் வயிறு நிறைந்திருக்கிறதா, பசிக்கிறதா என்று தெரிய வேண்டும். உங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களைப் பின் சீட்டில் உட்காரவைத்துச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அழைத்துப் போவாய். வழி தவறும், நேரமாகும், யார் வீட்டுக்கு முதலில் என்ற சண்டை வரும். அப்போது முன் சீட்டில் இருப்பவர்கள் செய்த தப்பை முன் சீட்டில் இருப்பவர்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

விஷயம் எப்படி முடிந்தாலும், நீ ஊருக்கு வரும்போது ஒரு நாள் பெரியம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போகிறோம். அவளே சொல்லிவிட்டாள். வழியில் வேறு எந்த வீட்டுக்கும் போகாமல் நேராகப் போவோம், காரை நீ ஓட்டு. அவள் மூன்றாவது கரண்டியோடு வருவாள், அவள் குணம் அது. போதும் என்றால் இலைக்குக் குறுக்கே கையை நீட்டு. நான் கரண்டியைத் தொட மாட்டேன். உன் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா